ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமென மாணவச் செல்வங்கள் கேட்டபோது, திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் பற்றி எழுதித் தருவதாக வாக்களித்தேன். எழுத அமர்ந்ததும் நினைவுக்கு வந்தவன் என் தம்பி. அவனிடம் இசைவு கேட்டேன். "என் பெயரைப் போட வேண்டாம், அண்ணா. போகும் வழியை மட்டும் எழுதுங்கள்" என்றான். ஆகவே இஃது அவ்வழியைப் பற்றியது.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி. பேருந்தில் ஆத்தூர் நோக்கிச் செல்கையில் வலப்புறம் நீலமாய்த் தொடர்வது கல்வராயன் மலை. கடுக்காய்க்கும் தேனுக்கும் பேசப்பட வேண்டிய அம்மலை, நாளேடுகளில் இடம்பெற்றதென்னவோ வெல்லமும் வேலம்பட்டையும் இட்ட சாராய ஊறலால்தான். அதற்காக மலைமக்கள் எல்லாரையும் அத்தொழிலோடு சேர்த்துப் பேசுவது அநீதி. 1937 இல் இராஜாஜி மதுவிலக்கை முதன்முதல் கொணர்ந்தது சேலம் மாவட்டத்தில். மலையின் மேற்குப் பகுதி அம்மாவட்டத்தைச் சார்ந்தது. அச்சட்டமும் பின்னாளில் மலையேறிவிட்டது!

என் தம்பி மலைச் சாராயத்தை நாடியவன் அல்லன். அரசுக் கடையே அவனுக்குப் போதுமானதாயிருந்தது. நான் வகுப்பறையில் கள்ளுண்ணாமையின் பத்துக் குறளையும் விளக்கிவிட்டு வீடு திரும்புவேன். அவன் திண்ணையில் விழுந்து கிடப்பான். அழுதேன், ஏசினேன், ஒருமுறை கையும் ஓங்கினேன். குடித்தவனுக்கு அறிவுரை கூறுவதன் வீண்மையைச் சொல்வது ஒன்பதாம் குறள். அதைப் பிறர்க்கு நடத்திய யானே அதற்கு எடுத்துக்காட்டாய் நின்றேன்.

வழி காட்டியவர் ஒரு மருத்துவர். நாட்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரக்கூடும், உயிருக்கே ஊறு நேரலாம் என்று கூறி, முதலில் அவனை மருத்துவமனையில் சேர்த்தார். வெளிவரும் நாளில், "மருந்து என் பொறுப்பு. அதற்குப் பிறகு இவருக்குத் தேவை, குடியிலிருந்து மீண்ட மனிதர்கள்" என்று ஒரு முகவரியை எழுதித் தந்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பின் பெயரை அன்றுதான் கேள்வியுற்றேன்.

1935 இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குச் சந்தையில் நொடித்துப்போன பில் வில்சனும், அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது அது. இருவருமே குடியர்கள். இந்தியாவுக்கு 1957 இல் வந்தது. கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி.

2022 இல் ஒரு ஞாயிறு, சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் சென்றோம். முகவரியிலிருந்த பள்ளிக்கூடத்தின் வாயில் பூட்டியிருந்தது. காவலாளி, "யாரைப் பார்க்க வேண்டும்?" என்றார். பேராசிரியனாகிய எனக்கு நா எழவில்லை. ஏதோ கூட்டம் என்று முணுமுணுத்தேன். "என்ன கூட்டம்?" என்றார் அவர். என் பின்னால் நின்ற தம்பி முன்வந்து, "குடிகாரர்கள் கூடும் இடம் ஐயா. நான் குடிகாரன்" என்றான். பதினெட்டு ஆண்டுகளில் அச்சொல்லை அவன் தன் வாயால் சொன்னது அதுவே முதன்முறை. காவலாளி சிரிக்கவில்லை. "அவர்கள் அடுத்த தெருவுக்கு மாறிவிட்டார்கள். மாதா கோயிலுக்குப் பின்னால், மாடியில்" என்றார்.

மாடியில் பதினான்கு நாற்காலிகளும் ஒரு தேநீர்க் குடுவையும் இருந்தன. அன்று குடும்பத்தாரும் அமரக்கூடிய திறந்த கூட்டம். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்வார், தாம் குடிநோயாளி என்பார், தம் கதையைச் சொல்வார். இடைமறிப்பார் இல்லை, அறிவுரை கூறுவாரும் இல்லை. அங்குக் கேட்டதை வெளியிற் சொல்லலாகாது என்பது நெறியாதலால் அக்கதைகளை எழுதேன். வாழ்நாள் முழுமைக்கும் சபதம் செய்யுமாறு எவரையும் அவர்கள் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடியாதிரு என்பதே பேச்சு. குடியாத பொழுதில் இன்னொரு குடியனைக் காண்பவனைப் பற்றியது பத்தாம் குறள். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்த நாற்காலியில்தான். என் ஆண்டுக்கணக்கான ஏச்சு செய்யாததை முன்பின் அறியாதவரின் அரைமணிப் பேச்சு செய்தது. சற்றுப் பொறாமையாகவும் இருந்தது.

2024 ஜூன் மாதம் எங்கள் கருணாபுரத்தில் நேர்ந்ததை நாடறியும். மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அந்நஞ்சு உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கும். பிழைத்தவர்களிலும் சிலர் கண்ணிழந்தனர். மாண்டோரில் இருவர் தம்பியோடு பந்தாடியவர்கள். அடக்கத்திற்குப் போய்த் திரும்பிய இரவு, ஓராண்டுக்கு மேல் தூய்மையாயிருந்தவன் குடித்துவிட்டு வந்தான். சாவைக் கண்டு வந்தவனுக்கு அச்சமே வேலியாகும் என நான் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை பொய்த்தது.

இம்முறை நான் ஏசவில்லை. சேலத்து நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து அவன் காதில் வைத்தேன். அவர் என்ன சொன்னாரோ, அறியேன். ஞாயிறன்று மாடியில் எழுந்து, "எனக்கு இன்று நான்காம் நாள்" என்றான். கைதட்டினார்கள்.

இப்போது அவன் தனியேதான் செல்கிறான். சனி இரவே சட்டையைத் தேய்த்து மாட்டிவிடுவான். விடியலில் வந்து கதவைத் தட்டி, "அண்ணா, பேருந்துக்குச் சில்லறை இருக்கிறதா?" என்பான்.