ஒரே பானைச் சோறு

வீட்டில் உண்ணும்போது உணவைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. அடுப்படியில் ஒருவர் நமக்காக எண்ணிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். வீட்டை விட்டு வெளியேறி, மலைச்சரிவில் கூடாரம் அடித்துத் தங்கும்போதுதான், ஒரு கவளம் சோற்றுக்குப் பின்னால் எத்தனை கணக்கும் எத்தனை அக்கறையும் இருக்கின்றன என்பது புலனாகிறது. அந்தப் பாடத்தை நாங்கள் கற்றுக்கொண்டது 1996-ஆம் ஆண்டு மே மாதத்தில், பழனி மலைத்தொடரின் மேல்மலைச் சிற்றூர் ஒன்றின் அருகில்.

எங்கள் பங்கு இளைஞர் மன்றத்தினர் பதினான்கு பேர் மூன்று நாள் பாசறைக்குப் புறப்பட்டோம். எங்களில் மூத்தவருக்கு வயது இருபத்தாறு. அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்த கடைக்குட்டிக்குப் பன்னிரண்டு. பங்குப் பள்ளித் திண்ணையில் அமர்ந்து உணவுப் பட்டியல் போட்டோம். சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் எனத் திருவிழா விருந்துக்கு உரிய பட்டியல் அது. புழுங்கலரிசி, துவரம்பருப்பு, காய்கறிகள், இரண்டு பெரிய அலுமினியப் பானைகள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு ஆகியவற்றைத் தோளில் சுமந்து, பேருந்து நின்ற இடத்திலிருந்து மலைப்பாதையில் நடந்தோம். நில உரிமையாளரிடம் முன்னரே இசைவு பெற்றிருந்த பட்டா நிலம் ஒன்றில் கூடாரங்களை அடித்து முடித்தபோது மாலை சாய்ந்துவிட்டது.

மழை தூறியது. காற்றில் மண்ணெண்ணெய் அடுப்பு நின்று எரிய மறுத்தது. மூன்று கற்களைக் கூட்டி, ஊரில் வாங்கிய விறகைப் பற்றவைத்தோம். ஈர விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. ஒருவாறு தண்ணீர் கொதித்தது. அரிசியைக் களைந்து போட்டோம். மற்றொரு பானையில் பருப்பு. ஏழு மணியாயிற்று, எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. சோறு மேலே குழைந்து உள்ளே நறுக்கரிசியாய் நின்றது. பருப்போ கூழாங்கற்கள் போலப் பானைக்குள் உருண்டது.

காரணம் எளியது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தளதளவெனக் கொதிக்கும். அதன் பின்னர் எவ்வளவு விறகு இட்டாலும் நீர் ஆவியாகுமே ஒழியச் சூடு ஏறாது. ஆவியை அடைத்து வைத்து அழுத்தத்தைக் கூட்டும் பிரஷர் குக்கர் மலையில் ஆடம்பரம் அன்று; தேவை. பள்ளியில் இயற்பியல் பாடத்தில் மதிப்பெண் வாங்கிய எங்களுக்குப் பானையின் முன் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

அரைவேக்காட்டுச் சோற்றை ஊறுகாயோடு இரண்டு வாய் உண்டு, வெட்கத்தோடு படுத்தோம். கடைக்குட்டி மூன்றாவது வாய்க்கு மேல் விழுங்க முடியாமல், ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டான். சற்று நேரத்தில் இருட்டுக்குள் தாள் பிரிக்கும் ஓசை கேட்டது. வீட்டிலிருந்து தனியாகக் கொண்டுவந்திருந்த முறுக்கும் பிஸ்கட்டும் போர்வைக்குள் திறக்கப்பட்டன. உண்டவர்கள் சிலர், ஓசையைக் கேட்டும் கேளாததுபோல் கிடந்தவர்கள் சிலர். யார் யார் என்று இன்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் உண்டோம் என்றே எழுதுகிறோம், அதுதான் உண்மை. மிஞ்சிய பொட்டலங்களைப் பைக்குள் திணித்து, அந்தப் பைகளைக் கூடாரத்தின் ஓரத்தில் ஒதுக்கினோம். அந்த ஓரத்தில்தான் பசியோடு வந்த சிறுவன் உறங்கிக்கொண்டிருந்தான்.

நள்ளிரவுக்குப் பின் துணி கிழியும் சத்தம் கேட்டு விழித்தோம். டார்ச் விளக்கின் ஒளியில் நாங்கள் கண்டது ஒரு காட்டுப்பன்றியின் முகம். கூடாரத்தை அடியில் கிழித்து, பிஸ்கட் இருந்த பையைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. அதன் கோரைப்பல்லுக்கும் சிறுவனின் தலைக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கலாம். தட்டுகளைத் தட்டிக் கூச்சலிட்டோம். இறைவன் அருளால் அது பையோடு திரும்பி ஓடியது. சிறுவனுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிரவு எங்களில் எவரும் மீண்டும் உறங்கவில்லை. நாங்கள் ஒளித்துவைத்த உணவு, ஒளிக்க ஏதுமில்லாத ஒருவனை நோக்கி ஆபத்தை அழைத்து வந்திருந்தது.

விடிந்ததும் மாடு பற்றி வந்த ஊர்ப் பாட்டி ஒருவர் கிழிந்த கூடாரத்தையும் எங்கள் பானைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஐயா, தின்பண்டத்தைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டா படுத்தீங்க? பன்னிக்கு மோப்பம் போதுமே!" என்றார். பருப்பைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் குளிர்ல துவரம்பருப்பு சட்டுனு வேகுமா? ராத்திரியே ஊறப்போடணும். இல்லாட்டி பாசிப்பருப்பு போடுங்க" என்றார். பிறகு தாமே அமர்ந்து, ஊரிலிருந்து வாங்கிவரச் சொன்ன பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் அரைமணி நேரம் ஊறவைத்து, மலைப்பூண்டு, மிளகு, சீரகம், உப்புச் சேர்த்து ஒரே பானையில் ஏற்றினார். மூடிமேல் ஒரு கனத்த கல்லை வைத்தார். ஆவி வீணாகாமல் காக்கும் உபாயம் அது. மணி எட்டாவதற்குள் பொங்கல் பதத்தில் சோறு மணத்தது.

உண்ண அமருமுன், எவரும் சொல்லாமலே, எங்கள் பைகளில் மிஞ்சியிருந்த பொட்டலங்களை எடுத்து நடுவில் வைத்தோம். தலைநிமிரக் கூசினோம். கடைக்குட்டி அவற்றைப் பார்த்து, "இன்னும் இருக்கா அண்ணே?" என்று மட்டும் கேட்டான். அதில் குறை கூறும் தொனி இல்லை, மகிழ்ச்சிதான் இருந்தது. அவன் எங்களைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அதன் பின்னர் பல ஆண்டுகள் பாசறைகளுக்குச் சென்றோம். எங்கள் பட்டியலும் மாறியது. முதல் நாளுக்குக் கட்டுச்சோறே போதும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறிய புளிச்சோற்றை நன்கு ஆறவைத்து, வாட்டிய வாழையிலையில் கட்டினால் அன்று முழுதும் தாங்கும். வந்திறங்கிய களைப்பில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. மறுநாள் முதல் ஒரே பானைச் சமையல்: பொங்கல், பருப்புச்சோறு, காய்கறி இட்ட கஞ்சி. தொட்டுக்கொள்ளப் பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு. உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், கேரட் ஆகியவை சுமைக்குத் தாங்கும், கீரை தாங்காது. முட்டைகளை அரிசிக்குள் புதைத்து எடுத்துச் சென்றால் உடையா. கருவாட்டின் வாசம் காட்டு விலங்குகளையும் அழைக்குமாதலால் அதை வீட்டிலேயே விட்டுவிடுவது நலம். மழையில் அடுப்பே எரியாவிட்டாலும் பசியாற அவலும் வெல்லமும், பொரிகடலையும், பல நாள் கெடாத பொருள்விளங்காய் உருண்டையும் கைவசம் இருக்க வேண்டும். ஓடைநீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் காய்ச்சியே பருக வேண்டும். 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிடுவது பாதுகாப்பு. ஆளுக்கு ஒரு வேளைக்கு 125 முதல் 150 கிராம் அரிசி என அளந்து சமைத்தால் மிச்சம் விழாது. மிச்சம் விழுந்தால் அது விலங்குக்கு விருந்து. வெதுவெதுப்பாக வைத்திருந்து மறுநாள் உண்டால் வயிற்றுக்கும் கேடு.

நெருப்பைப் பற்றியும் ஒரு சொல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த செய்தி நம் நெஞ்சை விட்டு அகலாது. காய்ந்த புல்வெளியில் தீ எவ்வளவு விரைவாக ஓடும் என்பதை அந்நாள் நமக்குக் காட்டியது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். அனுமதிக்கப்பட்ட இடத்திலும் சிறிய எரிவாயு அடுப்பே தகும். கற்களைக் கூட்டி விறகெரித்த எங்கள் பழைய வழக்கத்தை நாங்கள் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

கூடாரங்களில் வாழ்ந்த மக்களின் உணவைப் பற்றி விடுதலைப் பயண நூலின் பதினாறாம் அதிகாரம் பேசுகிறது. பாலைநிலத்தில் ஆளுக்கு ஓர் ஓமர் அளவு மன்னா. மிகுதியாகச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. நாளைக்கு என்று சிலர் பதுக்கியதோ புழுத்து நாறியது. சிறுவயது முதல் மறைக்கல்வி வகுப்பில் கேட்ட பகுதிதான் இது. கிழிந்த கூடாரத்தின் முன் அமர்ந்திருந்த அந்தக் காலைக்குப் பிறகே அது எங்களைப் பற்றியது என்று உணர்ந்தோம். பதுக்கியது கெட்டுப்போவதோடு நிற்பதில்லை. அருகில் உறங்குபவனுக்கும் கேடு தேடித் தருகிறது.

அன்றைய கடைக்குட்டி இன்று நாற்பதைக் கடந்த குடும்பத் தலைவர். இப்போது அவரும் எங்களோடு வரும் பிள்ளைகளும் சேர்ந்துதான் பாசறைக்குப் பட்டியல் போடுகிறார்கள். கூடாரம் அடித்தவுடன் நாங்கள் தவறாமல் செய்யும் செயல் ஒன்று உண்டு. எல்லாருடைய பைகளும் திறக்கப்படுகின்றன. மிட்டாய் முதல் முறுக்கு வரை தின்பண்டம் அனைத்தும் இறுக்கமாக மூடும் ஒரே பெட்டிக்குள் சென்று, கூடாரங்களுக்கு எட்டத்தில் வைக்கப்படுகின்றன. விலங்குகளுக்காக என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்கிறோம். அது பொய்யன்று. ஆயினும் பையின் அடியைத் துழாவி, விடுபட்டது ஏதேனும் உண்டா என்று தேடும்போது, ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் செய்வது ஓர் ஆன்ம சோதனை என்பது எங்களுக்குத் தெரியும்.