இடித்த கட்டடங்களின் மேல் ஒரு காடு

ரொறன்ரோ, செப்டம்பர்



ஒன்ராறியோ ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் டொமி தொம்சன் பூங்கா, மனிதர் கொட்டி உண்டாக்கிய நிலம். 1950களின் இறுதியிலிருந்து இந்த நகரம் இடித்துத் தள்ளிய செங்கல், கொங்கிரீட், கம்பி எல்லாம் இங்கேதான் வந்து விழுந்தன. அவற்றின் மேல் விதைகள் தாமாக முளைத்தன. கொட்டன்வுட் மரங்கள் எழுந்தன, பறவைகள் வந்தன. ஏரியைக் கடக்கும் வலசைப் பறவைகள் இறங்கி இரை தேடும் இடமாகிவிட்டது அந்தக் குப்பை மேடு.

2003 முதல் இங்கே பறவை ஆய்வு நிலையம் ஒன்று இயங்குகிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், விடியுமுன்பே புதர்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைகளை விரித்துவிடுகிறார்கள். அரைமணிக்கொரு தடவை சுற்றிவந்து, சிக்கிய பறவைகளைத் துணிப்பைகளில் கொண்டுவருகிறார்கள். வளையமிடுபவர் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பறவையின் கழுத்தைக் கொடுத்துப் பிடிக்கிறார். உடல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. எண் பொறித்த அலுமினிய வளையத்தைச் சிறு குறட்டால் காலில் பூட்டுகிறார். இறக்கையை அளக்கிறார். பிறகு வயிற்றில் மெல்ல ஊதுகிறார். இறகுகள் விலக, தோலுக்கடியில் மஞ்சளாய்க் கொழுப்புத் தெரிகிறது. வழிக்குக் கட்டிய சோறு அதுதான்.

நான் பார்த்தது பிளாக்போல் வார்ப்ளர் என்ற குருவி. எடை சாதாரணமாகப் பன்னிரண்டு கிராம். வடக்கு ஊசியிலைக் காடுகளில் பிறந்து, புறப்படுமுன் தின்று தின்று எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. பிறகு அத்திலாந்திக் கரையிலிருந்து கரீபியன் தீவுகள்வரை சுமார் 2,500 கிலோமீற்றர், இரண்டு மூன்று நாள், இறங்காமல் கடலின் மேல் பறக்கிறது. முதுகில் சிறு கருவி கட்டி ஆராய்ந்தவர்கள் 2015இல் இதை உறுதிசெய்தார்கள்.

வளையம் தானாகப் பேசாது. எங்கோ ஒருவர் அந்த எண்ணைப் படித்துத் தெரிவித்தால்தான் பேசும். தமிழ்நாட்டின் கோடிக்கரையிலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல காலமாக இதே வேலையைச் செய்துவருகிறார்கள். அவர்களது வளையத்தில் கழகத்தின் பெயரும் எண்ணும் இருக்கும். இறந்த பறவையின் காலில் அதைக் கண்டால் எண், இடம், தேதி மூன்றையும் குறித்து மும்பையிலுள்ள அந்தக் கழகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

இடிந்த கட்டடங்கள் இந்தப் பறவைகளுக்கு நிழல் தந்தன. நிற்கும் கட்டடங்கள் உயிரை எடுக்கின்றன. இரவு வெளிச்சம் பறவைகளை நகருக்குள் இழுக்கிறது. பகலில் கண்ணாடியில் தெரியும் மரத்தை மரமென்றே நம்பி மோதுகின்றன. கனடாவில் இப்படிச் சாகும் பறவைகள் ஆண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி என ஒரு மதிப்பீடு சொல்கிறது. 1993 முதல் ரொறன்ரோவில் தொண்டர்கள் விடியற்காலையில் நடைபாதைகளில் அடிபட்ட பறவைகளைப் பொறுக்கியெடுத்துக் காப்பாற்றுகிறார்கள். புதிய பெரிய கட்டடங்களுக்குப் பறவைக்குப் பாதுகாப்பான கண்ணாடி வேண்டும் என்று 2010இல் மாநகரம் விதித்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் சாவுகளில் பெரும்பகுதி கோபுரங்களில் நடப்பதில்லை, நம்மைப்போன்றோரின் வீட்டு யன்னல்களில்தான்.

சென்னையிலும் கொழும்பிலும் கண்ணாடி முகப்புகள் பெருகிவருகின்றன. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் உறவுகளுக்கும் உங்களுக்கும் ஒரே வேண்டுகோள்: யன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒன்றாகப் புள்ளி ஒட்டுங்கள். வலசைக் காலத்தில், தேவையில்லாத விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள்.