பதறாத காரியம் சிதறாது



'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப் பள்ளியில் ஆசிரியை. அந்தப் பழமொழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை ஜித்ராவில் உள்ள என் வீட்டுக் குளியலறைச் சுவர் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

என் தாயாருக்கு வயது 74. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டில் குளிக்குமிடம் சொரசொரப்பான சிமெண்டுத் தரை, சுற்றிலும் பலகை. துண்டு மாட்ட ஓர் ஆணியை அடித்தால் போதும். இப்போது இருப்பது பட்டணத்து வீடு. தரையும் சுவரும் பளபளக்கும் டைல்ஸ் கல். பார்க்க அழகுதான். ஆனால் சவர்க்காரத் தண்ணீர் பட்டால் வழுக்குப் பாறை.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தாமே எழுந்திருக்கிறார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் மட்டும் கறுத்துக் கன்றியிருந்தது. சுவரில் பிடித்து நிற்க ஒரு கைப்பிடிக் கம்பி போடும்படி தாதி சொன்னார். அதுவரை நான் வீட்டில் இருக்கும்போது, கதவைச் சாத்தாமல்தான் அம்மா குளிக்க வேண்டியிருந்தது.

"இந்த வயசுல குளிக்கிறதுக்கு மகள காவலுக்கு வைக்கிறதாப் போச்சே, பாப்பா" என்றார். விழுந்த வலியைவிட அதுதான் அவருக்குப் பெரிய வலி.

முதலில், ரப்பர்க் கிண்ணத்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கம்பி ஒன்றை வாங்கினேன். இரண்டே நாளில் அது கையோடு வந்துவிட்டது. நல்ல வேளை, பிடித்து இழுத்தது நான். பிறகு ஓர் ஆளைக் கூப்பிட்டேன். அவர் டிரில் மெஷினைச் சுத்தியல் போல் அதிர்கிற முறையில் வைத்து, தோளைக் கொடுத்து அழுத்தினார். 'டக்' என்றது. கல் மூலைக்கு மூலை வெடித்தது. "இந்தச் சுவருக்குக் கம்பி நிற்காது, டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

விடுமுறை நாளில் நானே துணிந்தேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேட்டரியில் ஓடும் டிரில் மெஷினை இரவல் வாங்கி, சிமெண்டுச் சுவருக்கு உரிய பிட்டைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். புகை வந்தது, பிட்டின் முனை மழுங்கியது. கல்லில் ஒரு சாம்பல் நிறக் கீறல்தான் மிச்சம்.

மறுநாள், வெடித்த கல்லின் துண்டு ஒன்றை ஜித்ரா டவுனில் உள்ள இரும்புச் சாமான் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். முதுகுப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். தண்ணீர் அப்படியே நின்றது. "இது பொர்சலின்" என்றார்.

சுவருக்குப் போடும் சாதாரண செராமிக் கல் தண்ணீரை உறிஞ்சும். நூறு கிராம் கல்லுக்குப் பத்துக் கிராமுக்கு மேல்கூடக் குடிக்கும். பொர்சலின் கல்லோ அரைக் கிராமுக்கு மேல் குடிக்காது. 1,200 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் இறுகச் சுட்ட மண் அது. எங்களுக்கு வீட்டை விற்றவர் தரைக்குரிய அந்தக் கல்லையே சுவருக்கும் பதித்திருக்கிறார். செராமிக்குக்கு ஈட்டி முனை பிட் போதும். பொர்சலினுக்கு விளிம்பில் வைரத்தூள் பதித்த, நடுவில் குழலாக உள்ள பிட் வேண்டும்.

வைரம் என்றதும் பயந்துவிட்டேன். ஆனால் இது நகைக்கடை வைரமல்ல. 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்து ஆய்வாளர்கள் கரியிலிருந்து செயற்கை வைரம் செய்து காட்டினார்கள். அந்த வழியில் வந்ததால்தான் இன்று இரும்புக் கடையிலும் வைரம் கிடைக்கிறது.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அம்மா சற்று நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஏன் பாப்பா அந்த அழுத்து அழுத்துற? மரம் வெட்டயில அழுத்துனா கத்தி பட்டையத் தாண்டி மரத்துல பட்டுரும். அப்புறம் அந்த எடம் முண்டு முண்டாத்தான் வளரும். மறுபடி வெட்ட ஆகாது. கத்திய கூரா வச்சுக்க. கைய லேசா விடு. வெட்டுறது கத்தி, நீ பிடிச்சுக்க, போதும்."

கடைக்காரர் சொன்னதும் அதேதான். ஆனால் அம்மா சொன்ன பிறகுதான் என் கைக்குப் புரிந்தது.

உங்கள் வீட்டிலும் உதவும் என்பதால் முறையைச் சொல்கிறேன். குழாய்க்கும் சுவிட்சுக்கும் நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள். உள்ளே தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகும். கல்லின் ஓரத்தையும் விட்டு விடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். சுத்தியல் படம் உள்ள முறையை நிறுத்தி, வேகத்தைக் குறையுங்கள். பிட்டைச் சற்றுச் சாய்த்து வைத்தால் முதலில் பிறைபோல் ஒரு தடம் விழும். பிறகு மெல்ல நிமிர்த்துங்கள். ஒருவர் இடைவிடாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். சூடேறினால் வைரமும் வீணாகும். தண்ணீர் புழங்குவதால் மின்கம்பி மாட்டிய மெஷின் வேண்டாம்; பேட்டரி மெஷினே நல்லது. கல்லைத் தாண்டியதும் சிமெண்டு பிட்டை மாற்றிச் செங்கல்லுக்குள் துளையுங்கள்.

அடுத்தது பிளாஸ்டிக் பிளக். ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் செய்த நைலான் பிளக்கின் வழியில் வந்தது. திருகாணி ஏற ஏற இது விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும். கல்லுக்குள் விரிந்தால் கல் வெடிக்கும். திருகாணி துருப்பிடிக்காத எவர்சில்வராக இருக்கட்டும்.

கம்பிக்கு ஆறு துளை. தண்ணீர் தெளித்தது அம்மாதான். ஒரு துளைக்கு நாலைந்து நிமிடம். அந்த ஆறு துளையைச் சுற்றியும் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. கம்பியை மாட்டியதும் நான் முதலில் என் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. அதன் பிறகே அம்மாவின் கையைப் பிடித்து அதில் வைத்தேன்.

மறுநாள் விடியற்காலை குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டு விழித்தேன். உள்ளிருந்து தண்ணீர் விழும் ஓசை வந்தது. நான் எழுந்து போகவில்லை.

வெடித்த அந்த ஒரு கல் இன்னும் சுவரில் அப்படியேதான் இருக்கிறது. மாற்றலாம் என்றேன். "கெடக்கட்டும் பாப்பா, கம்பி நிக்குதுல்ல" என்றார் அம்மா.

வாசகர்களே, பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அவர்கள் விழுந்த பிறகு கம்பி போட்டவள் நான். நீங்கள் விழும் முன்னே போடுங்கள். பதறாத காரியம் சிதறாது என்றார்கள் நம் முன்னோர். டைல்ஸ் கல்லுக்கும் அது பொருந்தும்.