புகைக்கு ஒரு வழி

கொஸ்லந்தைக்கு மேலே உள்ள மலைத்தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். மார்கழிக் குளிரில் எங்களுக்கு அடுப்பு சோறாக்கும் இடம் மட்டுமன்று. குடும்பம் கூடியிருக்கும் இடமும் அதுவேயாகும்.

சிறுபிராயத்தில் நான் இரண்டு நெருப்புகளைக் கண்டேன். ஒன்று, துரை பங்களாவின் கணப்பு. அங்கே சமையல் வேலை செய்த தாத்தாதான் மாலைதோறும் அதில் கட்டை அடுக்கித் தீ மூட்டுவார். அவ்வளவு பெரிய தீ எரிந்தும் அறையில் புகையே இல்லாதது கண்டு ஒருநாள் வியந்து நின்றேன். மற்றொன்று, எங்கள் லயக் காம்பராவின் மூன்றுகல் அடுப்பு. கவ்வாத்து மிலாறு சடசடவென்று எரியும். புகையோ வெளியேற வழியின்றித் தகரக் கூரையில் முட்டி, கீழிறங்கி, அப்பாயியின் கண்களை வந்தடையும்.

"பங்களாப் புகை எங்கே போகுது தாத்தா?" என்றேன்.

"அதுக்குக் கூண்டு கட்டி வழி விட்டிருக்காங்கய்யா."

"நம்ம வீட்டுப் புகைக்கு?"

தாத்தா பதில் கூறவில்லை. உள்ளே அப்பாயி இருமுவது கேட்டது. அந்த இருமலுடனேயே அவர் பின்னாளில் கண்மூடினார். வீட்டு அடுப்புப் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருப்பதைப் படித்தபோது, எனக்கு அப்பாயியின் முகமே நினைவில் எழுந்தது.

நிற்க. பங்களாக் கணப்பும் குறையற்றதன்று. திறந்த கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகையோடு கூண்டு வழியே போய்விடும். ஆதலால் குளிர்நாட்டு வீடுகளில் கதவிட்டு மூடிய இரும்படுப்புகளைப் பலர் விரும்புகின்றனர். உட்செல்லும் காற்றைக் கட்டுப்படுத்துவதால் சிறிது விறகே நெடுநேரம் எரியும். மூன்றுகல் அடுப்பிலோ வெப்பம் நாற்புறமும் சிதறும். இக்குறையை நீக்க 1980களில் நம் நாட்டில் பரவியதே 'அனகி' என்னும் மண்ணடுப்பு. அனகி என்றால் சிங்களத்தில் விலைமதிப்பற்றது என்று பொருள். ஒரே மண்ணுடலில் இரண்டு வாய்கள். முதற் பானையைச் சூடாக்கிய அனல், வீணாகாமல் இரண்டாவது பானைக்கும் செல்லும்.

2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது அம்மாவுக்கு அனகி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, "வெறகு மிச்சந்தான் தம்பி, பொகைதான் முன்னே மாதிரியே நிக்குது" என்றார். தாத்தாவிடம் கேட்ட பழைய கேள்வி அப்போது என்னைச் சுட்டது. நானும் மச்சானும் சேர்ந்து அடுப்பின்மேல் செங்கற்கூண்டு கட்டி, கூரை முகட்டுக்கு மேலே எழும்படி ஒரு குழாயும் பொருத்தினோம். அன்று மாலை சோறு வடித்த அம்மா, பழக்கத்தினால் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கண்ணில் நீர் இல்லை.

வீடு கட்டும் அன்பர்களே, அடுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது விறகு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். அதற்கு முன், புகைக்கு வழி எங்கே என்று கேளுங்கள். உலர்ந்த விறகையே எரியுங்கள். குழாயில் படியும் கரியையும் அவ்வப்போது நீக்குங்கள். எங்கள் வீட்டில் அந்த வழி திறக்க இரண்டு தலைமுறைகள் சென்றன. அதைக் காண அப்பாயிதான் இல்லை.