தறிக்கு எத்தனை பி.பி.எம்?

"கல்ச்சுரல்ஸ்ல எல்லாரும் போடுற அதே பீட் வேணாம்டா மச்சி!" சும்மா இருக்காமல் வாயை விட்டது நான்தான். விளைவு... ஞாயிறு காலை, சாம்ப்ளரும் மைக்குமாக ஆரணி பஸ் ஸ்டாண்டில் நானும் என் ரூம்மேட்டும்!

பட்டுக்குப் பேர்போன ஊர். விசாரித்து விசாரித்து ஒரு நெசவாளர் வீட்டைப் பிடித்தோம். "வாங்க தம்பி" என்றார் பெரியவர். இரண்டு குழிகளில் ஒன்றில்தான் தறி. இன்னொன்றை மூடி, மேலே பைக் நிறுத்தியிருந்தார்கள். "பையனுது. சென்னையில வேலைக்குப் போயிட்டான்" என்றார், கேட்காமலே.

மிதியை அழுத்த, பாவு பிரிய, நாடா ஓட, 'டக்'! தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகள், மாலை மாதிரி கோத்தபடி சுற்றுகின்றன. கடைசி அட்டை முடிந்தால் மறுபடி முதல் அட்டை. அட, 1804லயே லூப் கண்டுபிடிச்சுட்டாங்கப்பா!

நான் 80 பி.பி.எம் வைத்தேன். ஒரு பீட் முக்கால் செகண்ட், ஒரு பார் 3 செகண்ட், நாலு பார் 12 செகண்ட். இரண்டு பீட்டுக்கு ஒரு 'டக்' என்று கணக்கு. 12 செகண்டில் மெஷின் 'கட்' பண்ணிச் சுற்ற ஆரம்பித்தது. முதல் ரவுண்டு முடிந்து திரும்பும் இடத்தில் நொண்டியது பாருங்கள்... எட்டாவது 'டக்'குக்குப் பின்னால் இருக்க வேண்டிய இடைவெளி பாதியிலேயே போயிருந்தது.

"ஐயா, கொஞ்சம் சீரா நெய்ய முடியுமா?"

சிரித்தார். "ஜரிகை வர்ற எடத்துல கை நிக்கும் தம்பி. இழை அறுந்தா முடி போடணும். ஒன் மெஷினுக்காக சேலையைக் கெடுக்கறதா?"

க்ளிக்கை அணைத்துவிட்டு, பத்து நிமிஷம் அப்படியே ரெக்கார்டு பண்ணினேன். பிறகு அதில் சீராக விழுந்த எட்டு 'டக்'கைத் தேர்ந்தெடுத்தேன். முதல் 'டக்' தொடங்கும் நொடியில் ஆரம்பம், ஒன்பதாவதுக்குச் சற்று முன்னால் முடிவு. மொத்தம் 12.8 செகண்ட், 16 பீட், அதாவது 75 பி.பி.எம். மெஷின் 37.5 என்றும் காட்டலாம், பயப்படாதீங்க. இரண்டால் பெருக்கிக்கோங்க!

அடுத்தது டிரம் மெஷின். மிடி க்ளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும். அதை அனுப்புவது ஒரே மெஷினாக இருக்கணும். இரண்டு பேரும் தலைவர் ஆனால் கச்சேரி காலி. ரூம்மேட் 90க்கு ஏற்றினான். டைம் ஸ்ட்ரெச் இல்லாமல் 'டக்' 'டிக்' ஆனது. போட்டால் அடியின் கூர் மழுங்கியது. கடைசியில் பாட்டையே 75க்கு இறக்கினோம்.

சாயங்காலம் வடமாதிமங்கலம் பக்கத்துத் திருமலைக்குப் போனோம். பாறையில் செதுக்கிய நேமிநாதர் சுமார் 16 மீட்டர் உயரம்! குந்தவை பெயரில் ஜினாலயம், ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டு எல்லாம் அங்கே இருக்கு. படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஹெட்போன் காது.

ஏழாவது 'டக்'குக்கு அடியில் பெரியவர் குரல்: "ஓரமா ஒக்காரு தம்பி."

"அதை அழிச்சிரு" என்றான் அவன்.

12.8 செகண்டுக்கு ஒருமுறை அவர் எங்களை ஓரமாக உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார். அழிக்கவில்லை.