பதினெட்டு முடிந்த பிறகு

மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. சட்டப்படி நான் இனி அவனுக்குக் காப்பாளர் இல்லை. அம்மாதான், ஆனால் அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. வங்கியில், "கார்டியன் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்கம்மா" என்றார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இதற்கான வழி 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட அளவிலான குழுவிடம் பெற்றோரும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். குழு இரண்டு கேள்விகளைப் பார்க்கும். இவருக்குக் காப்பாளர் தேவையா? தேவையென்றால் எதற்கெல்லாம்?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ரூபாய் நோட்டு கிடைத்தால் அதன் வரிசை எண்ணைத்தான் படிப்பான். ஐந்நூறைக் கொடுத்து மிட்டாய் வாங்கினால் மீதி வாங்காமல் வந்துவிடுவான். இரண்டாவதில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சாப்பாடா? ரசம் சோற்றில் படக்கூடாது, தனிக் கிண்ணத்தில் வேண்டும் என்பது அவன் முடிவு. சட்டையா? காலர் லேபிளை வெட்டாமல் போடவே மாட்டான். ஷேவிங்? டிரிம்மர் சத்தம் காதைக் குத்துகிறது என்று ரேசருக்கு மாறியதும் அவன்தான். பேசுவது ஒன்றிரண்டு சொல். "வேணாம்" என்பதை மட்டும் தெளிவாகச் சொல்வான்.

எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத சங்கடமும் உண்டு. பத்து வயது வரை பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறைக்கே கூட்டிப்போவேன். இப்போது மீசை வந்துவிட்டது. ஆண்கள் பக்கம் வாசலில் நின்று, உள்ளே போகிறவரிடம், "கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே" என்கிறேன். சிலர் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

பெற்றோர் இறந்தபின் இவர்களைப் பராமரிப்பது பற்றி அந்தச் சட்டத்தின் நோக்கங்களிலேயே சொல்லியிருக்கிறது. என் மகளுக்குப் பதினைந்து வயது. "நான் பாத்துக்கறேன்மா" என்றாள். அவள் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. அவளும் பதினெட்டைத் தாண்டட்டும்.

தாளில் கடைசியில் நின்றவை மூன்று: பணம், சொத்து, ஆபரேஷன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும்னு போட்டுடலாமே. நாளைக்கு ஒண்ணு விட்டுப்போச்சுன்னா மறுபடியும் கலெக்டர் ஆபீஸுக்கு யார் அலையறது?" என்றார். அதுவும் நியாயம்தான். அலைவது பெரும்பாலும் நான்தான். மூன்றோடு நிறுத்திக் கையெழுத்துப் போட்டேன்.