சேத் லவர் ஐயாவுக்குக் குருநகரிலிருந்து ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய சேத் லவர் ஐயாவுக்கு,

நீங்கள் 1997இலேயே காலமாகிவிட்டீர்கள். இந்த மடல் உங்கள் கைக்கு வராது. ஆனால் திறந்த மடல்தானே, எங்கள் ஊரில் கிற்றார் பழகுகிற பெடியள் நாலு பேர் வாசித்தாலும் எழுதிய கூலி கிடைத்த மாதிரி. யாழ்ப்பாண நகரத்தின் தென்கரையில், கடலேரியைப் பார்த்தபடி இருக்கிற மீனவர் ஊர் குருநகர். இங்கே ஓர் இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கிறவன் நான். மிச்ச நேரத்தில் மற்றவர்களுடைய கிற்றார்களைத் திறந்து வயர் மாற்றிக் கொடுப்பேன்.

நன்றி எதற்கென்று முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் மேடைகளில் இரைச்சல் இல்லாமல் வாசிக்க முடிகிறதே, அதற்கு. ஒரே கிற்றாரை வைத்துக்கொண்டு மூன்று கிற்றார்காரரின் வேலையைப் பார்க்க முடிகிறதே, அதற்கும். முதலாவதை, கிற்றாருக்கு இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கி, நீங்கள் திட்டமிட்டே செய்தீர்கள். இரண்டாவது உங்கள் கணக்கில் இருந்திருக்காது.

எங்கள் மேடையைப் பற்றிச் சொன்னால்தான் நன்றியின் அளவு விளங்கும். பெருநாளோ கலியாணமோ, பின்னால் ஒரு ஜெனரேற்றர் ஓடும். தலைக்கு மேலே ரியூப் லைற்றும் கலர் பல்பும். பல்புகளைக் கூட்டிக் குறைக்கிற டிமர் கீபோட்காரரின் காலடியில். ஏர்த் வயர் ஒன்று போகும். அது நிலத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் கேட்கக் கூடாது. இந்த இடத்தில் ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள கிற்றாரைச் செருகினால், பாட்டுத் தொடங்க முன்னமே அம்பிளிபயர் தன்பாட்டில் சுருதி பிடிக்கும். உங்கள் நாட்டு மின்சாரத்தில் அந்த இரைச்சல் 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 50. ஜெனரேற்றர் மெசினில் அதுவும் நிச்சயமில்லை. யாராவது பெரிய லைற் ஒன்றைப் போட்டால் எஞ்சின் ஒருகணம் திணறும். இரைச்சலின் சுருதியும் கூடவே இறங்கும்.

ஏன் இப்படி என்று எங்கள் ஆட்களுக்கு விளக்குவது சுலபம். போர்க்காலத்தில், 1990இலிருந்து சில ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. அப்போது பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் றேடியோ கேட்ட தலைமுறை இங்கே இருக்கிறது. சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பிக்கப்பும் டைனமோவின் சின்னத் தம்பிதான். காந்தம் அசையாமல் இருக்கும், அதன் புலத்துக்குள் உருக்குக் கம்பி அதிரும், அந்த அதிர்வு சுருளில் மின்சாரமாகும். சங்கடம் என்னவென்றால், பக்கத்திலிருக்கிற டிமரும் ட்ரான்ஸ்போமரும் வீசுகிற புலத்தையும் அதே சுருள் பாகுபாடில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

அம்பிளிபயருக்குள் இரைச்சலை அடக்க இரட்டைச் சுருள் வைக்கிற வழக்கம் முன்னமே இருந்தது. அதைப் பிக்கப்புக்குள் கொண்டுவந்தால் என்ன என்று கிப்சன் கொம்பனியில் இருந்தபோது யோசித்தீர்கள். அருகருகே இரண்டு சுருள். ஒன்றுக்குக் காந்தத்தின் வடமுனை, மற்றதற்குத் தென்முனை. இணைப்பும் எதிரெதிர். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் இரண்டிலும் ஒரேமாதிரி விழுந்து, எதிரெதிராகச் சேர்ந்து அழிந்துபோகும். கம்பியின் ஒலியோ முனையால் ஒருதரமும் இணைப்பால் இன்னொருதரமும் புரட்டப்பட்டு, நேராகிக் கூடும். 1955 யூன் 22இல் விண்ணப்பித்தீர்கள். 1959 யூலை 28இல் 2,896,491 என்ற இலக்கத்தோடு காப்புரிமை கிடைத்தது. எங்கள் புனித யாகப்பர் திருநாள் யூலை 25. மூன்று நாள் பிந்திவிட்டது, பரவாயில்லை.

ஆனால் உங்கள் கொம்பனி பிக்கப்பின் அடியில் ஒட்டிய காப்புரிமை இலக்கம் 2,737,842. அது கிற்றார் கலைஞர் லெஸ் போலின் கம்பி தாங்கிக்கு உரியது. நகல் எடுக்க வருகிறவர்களை அலைய விடுவதற்கு என்று ஒரு கதை உண்டு. உங்கள் முதல் மாதிரியில் உயரம் மாற்றுகிற திருகாணிகளே இல்லை, விற்பனைப் பகுதிக்காரர் கேட்டுத்தான் வந்தன என்றும் சொல்வார்கள். எங்கள் பெடியள் கிற்றார் வாங்கியவுடன் முதலில் முறுக்கிப் பார்ப்பது அந்தத் திருகாணிகளைத்தான்.

நீங்கள் வெளியே விட்டது ஒரு வயர். அதைச் சுற்றிய பின்னல் உறை ஏர்த்துக்கு. இரண்டு சுருளும் உள்ளேயே பிணைந்து கிடந்தன. பின்வந்தவர்கள் ஒவ்வொரு சுருளின் இரண்டு முனைகளையும் தனித்தனியே வெளியே கொண்டுவந்தார்கள். நான்கு நிற வயர், கூட ஒரு வெறுங்கம்பி. அங்கேதான் என்னுடைய தொழில் தொடங்குகிறது.

“கொயில் ஸ்பிளிட் போட்டுத் தாங்கோ அண்ணை” என்றுதான் எல்லோரும் வருவார்கள். ஒரு சுருளை ஏர்த்துக்கு அனுப்பிவிட்டு மற்றதை மட்டும் வாசிப்பது. ஒலி மெலியும், பளிச்சென்று கேட்கும். வீட்டில் கேட்கிறபோது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஐயா, மேடையில் அது உங்கள் உழைப்பையே அவிழ்த்துவிடுகிற வேலை. ஒரு சுருள் போனவுடன் மெசினின் சுருதி திரும்ப வந்து குந்திக்கொள்ளும். அதனால் வருகிறவர்களிடம் நான் சொல்வது, சமாந்தரம் போடுவோம் என்று. இரண்டு சுருளும் வேலை செய்யும், இரைச்சலும் அடங்கியே இருக்கும். ஒரு சுருளின் தடை 4 கிலோ ஓம் என்று வைத்தால், நீங்கள் செய்தபடி தொடராக 8 வரும், சமாந்தரமாக 2. சத்தம் குறையும், உண்மைதான். வொலியூமைக் கொஞ்சம் கூட்டினால் சரி. பதிலுக்கு மேல்ஸ்தாயி திறந்துகொள்ளும்.

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’க்கும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’க்கும் வெட்டி வெட்டி வாசிக்கிற தாளம் வேண்டும். தொடரில் வாசித்தால் பேஸ் கிற்றாரோடு மோதிக் குழம்பும். சமாந்தரத்தில் றபானுக்கும் ட்ரம்ஸுக்கும் இடையில் தனக்கென்று ஓர் இடம் பிடிக்கும். இளையராஜா பாட்டுகளில் கம்பி கம்பியாக உதிர்கிற கிற்றாருக்கும் அதுவே. இடையிசையில் தனித்து எழும்ப வேண்டிய இடம் வந்தால் குமிழை அமுக்கித் தொடருக்குப் போவேன். சனம் இன்னொரு கிற்றார்காரரை மேடையில் தேடும்.

குமிழ் என்றேனே, அது புஷ்-புல் பொட். பழைய தொனிக் குமிழைக் கழற்றிவிட்டு அதே துளையில் போடலாம். மரத்தைத் துளைக்கத் தேவையில்லை. அடியில் இரண்டு வரிசையாக ஆறு கால் இருக்கும். சீமோர் டங்கன் பிக்கப்பின் வயர் நிறங்களில் சொல்கிறேன். வெள்ளையை ஒரு வரிசையின் நடுக்காலில், சிவப்பை மற்ற வரிசையின் நடுக்காலில் ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். கிற்றாரைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கிறபோது மேலே வருகிற இரண்டு கால்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் அது தொடர். கீழே, வெள்ளையின் வரிசைக் கால் ஏர்த்துக்கு, சிவப்பின் வரிசைக் கால் கறுப்போடு. கறுப்புத்தான் வெளியே போகிற ஒலி வயர். பச்சையும் வெறுங்கம்பியும் எப்போதும் ஏர்த். குமிழை இழுத்தால் கீழ்க் கால்கள் இணைந்து சமாந்தரமாகும்.

டிமார்சியோ பிக்கப்பில் நிறங்கள் வேறு. அங்கே சிவப்புத்தான் ஒலி வயர், கறுப்பும் வெள்ளையும் நடுவில் சேர்பவை. கடையில் மலிவாக வருகிறவற்றின் நிறத்தை நம்பவே கூடாது. அவற்றுக்கு முள் மீற்றர் வேண்டும். டிஜிற்றல் மீற்றரில் பார்ப்பது கஷ்டம். முள் மீற்றர் றேடியோ திருத்துகிறவர்களிடம் இன்னமும் இருக்கும். ஒரு சுருளின் இரண்டு வயர் முனைகளிலும் மீற்றரை வைத்து, ஸ்குறூ டிறைவரை அந்தச் சுருளின் காந்த முனையில் ஒட்டவிட்டு வெடுக்கென்று எடுத்தால் முள் ஒருபக்கம் துள்ளும். மற்றச் சுருளிலும் அதே பக்கம் துள்ளும்படி வயரைப் பிடித்துப் பெயர் எழுதிவிட்டால், பிறகு நிறம் என்னவாக இருந்தாலென்ன.

இரண்டு சுருளையும் எதிர்க்கட்டத்தில் போடுகிற சுவிச்சும் கேட்பார்கள். மூக்கடைத்த ஒலி, இரைச்சலும் இரட்டிப்பு. இரண்டு பிக்கப்புகளுக்கு இடையில் என்றால் போடலாம். ஒன்றுக்குள்ளேயே என்றால் நான் மறுத்துவிடுவேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அது உங்கள் குறையல்ல, எங்கள் காற்றினுடையது. கடலேரிக் காற்றில் சுவிச்சின் கால்கள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். சுவிச் கூடக்கூடக் கரகரப்புக் கூடும். ஒரு பிக்கப்புக்கு ஒரு சுவிச் என்பதற்கு மேலே நான் போகாததற்குக் காரணம் அதுதான்.

இப்போது என் மேசையில் கடற்கரை வீதிப் பெடியன் ஒருவனின் கிற்றார் திறந்து கிடக்கிறது. ஸ்பிளிட் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மூன்று நிலைச் சுவிச் ஒன்று போட்டுக் கொடுக்கப் போகிறேன். மேலே நீங்கள் செய்த தொடர், நடுவில் அவன் கேட்ட ஸ்பிளிட், கீழே சமாந்தரம். மெசின் ஓடுகிற இடத்தில் நடுவுக்குப் போகாதே என்று சொல்லித்தான் கையில் கொடுப்பேன்.

நன்றியுடன்,
குருநகர்க் கிற்றார்காரன்